லேசர்-பிளாஸ்மா முடுக்கி: வாயுவை மெலிதாக்கினால் ஆற்றல் கூடுவது ஏன்?

பாளை மாணவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில எம்எஸ்சி இயற்பியல் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். அடுத்த வியாழக்கிழமை எனக்கு செமினார். தலைப்பு: செறிவான லேசரை வெச்சு பிளாஸ்மாவுல (அணுக்கள்ல இருந்து எலக்ட்ரான் கழன்ற வாயுல) எலக்ட்ரானை முடுக்குறது. மூணு வாரமா படிச்சு ஒரு அட்டவணை போட்டேன். இப்ப அந்த அட்டவணைதான் தூக்கத்தைக் கெடுக்குது.

அடிப்படை புரியுது. லேசர் பல்ஸ் வாயுவுக்குள்ள போகும்போது எலக்ட்ரான்களை ஓரத்துக்குத் தள்ளுது. அயனிகள் கனமானவை, அந்த நேரத்துக்குள்ள அசையாது. பல்ஸ் கடந்ததும் எலக்ட்ரான்கள் திரும்பி ஓடி வந்து, நிலைகொள்ளாம தாண்டிப் போகுது. அப்படித்தான் பல்ஸுக்குப் பின்னால அலை உண்டாகுது. நெல்லையப்பர் ஆனித் தேர் வர்றப்ப கூட்டம் விலகி, தேர் போனதும் பின்னாடி மூடிக்கிற மாதிரின்னு ஸ்லைடுல போட்டிருக்கேன். அந்த அலையோட மின்புலம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏத்தபடி கூடும். கன செ.மீ.க்கு 10¹⁸ எலக்ட்ரான் இருந்தா மீட்டருக்கு 96 ஜிகாவோல்ட் வரைக்கும் போகலாம்.

இப்ப அட்டவணை. நாலுமே அமெரிக்காவுல பெர்க்லி ஆய்வகத்துல செஞ்சது. அடர்த்தி கன செ.மீ.க்கு எத்தனை எலக்ட்ரான்ங்கிறது. எம்இவின்னா பத்து லட்சம் எலக்ட்ரான்வோல்ட், ஜிஇவி அதுல ஆயிரம் மடங்கு.

2004: அடர்த்தி 2×10¹⁹, நீளம் 2 மி.மீ., கிடைச்சது 86 எம்இவி.
2006: 4×10¹⁸, 3.3 செ.மீ., 1 ஜிஇவி.
2014: 7×10¹⁷, 9 செ.மீ., 4.2 ஜிஇவி.
2019: 3×10¹⁷, 20 செ.மீ., 7.8 ஜிஇவி.

புலம் பெருசா வேணும்னா அடர்த்தியைக் கூட்டணும். இவங்க வருஷத்துக்கு வருஷம் குறைச்சுக்கிட்டே போறாங்க! 2×10¹⁹ல புலம் மீட்டருக்கு கிட்டத்தட்ட 430 ஜிகாவோல்ட். அதே அடர்த்தியில 20 செ.மீ. ஓட விட்டிருந்தா 86 ஜிஇவி வந்திருக்கணுமே? ஏன் யாரும் அதைச் செய்யல? எங்க சார்கிட்ட கேட்டேன், "நீயே யோசிச்சுட்டு வா"ன்னு சொல்லிட்டார். ரெண்டு நாளா யோசிக்கிறேன்.

திருச்சி வாசகர் எழுதியது:

லேசர் பெருசாயிடுச்சு, அதுதான் காரணம்னு நினைக்கிறேன். 2004ல அவங்க பல்ஸ்ல இருந்தது அரை ஜூல். 2019ல 31 ஜூல். அறுபது மடங்கு ஆற்றலை உள்ளே விட்டா எலக்ட்ரானும் அந்த அளவுக்கு வாங்கிக்கும். அடர்த்தி மாறினது தற்செயலா இருக்கலாம்.

குமரிக்கரை எழுதியது:

தற்செயல் இல்லைங்க. அந்த 31 ஜூலை 2×10¹⁹ அடர்த்தியில கொண்டுபோய்ப் போட்டாலும் 7.8 ஜிஇவி வராது. ஆனா உங்க 31 ஜூலுக்கு இதுல ஒரு இடம் உண்டு, பின்னால சொல்றேன்.

தங்கச்சி, நல்ல இடத்துல மாட்டியிருக்கீங்க. ஐரோப்பாவுல ஒரு லேசர் கூடத்துல இதே வேலையில நாலரை வருஷம் இருந்தேன். சேர்ந்த முதல் மாசம் எனக்கும் இதே கேள்விதான்.

எங்க ஊர் கன்னியாகுமரிப் பக்கம். அப்பா கட்டுமரத்துல போனவர். மீனோட திரும்பும்போது, கரைக்கு முன்னால அலை உடையுற இடத்தைத் தாண்டுறதுதான் கஷ்டமான வேலை. மரத்தைச் சும்மா நிறுத்தி வெச்சிருந்தா அலை அடியில நழுவிப் போயிடும். பின்னால அலை எழும்புறதைப் பார்த்து, முன்கூட்டியே துடுப்பு போட்டு, அலையோட வேகத்துக்குக் கிட்ட வந்தாத்தான் அலை மரத்தைத் தூக்கி ஏத்திக்கும். ஏறின பிறகும் ஒண்ணு இருக்கு. சரிவுல மரம் அலையைவிட வேகமா இறங்கி, முன்னால இருக்கிற தட்டைத் தண்ணிக்கு வந்துட்டா தள்ளுறது நின்னுபோகும். அலை எவ்வளவு உயரமா இருந்தாலும் அப்புறம் பிரயோஜனமில்லை.

உங்க கேள்விக்குப் பதில் அந்தத் தட்டைத் தண்ணிதான்.

பிளாஸ்மா அலை லேசர் பல்ஸைத் தொடர்ந்து வருது. அதனால அதோட வேகம், பிளாஸ்மாவுக்குள்ள லேசர் போற வேகம். வெற்றிடத்துல ஒளி போறதைவிட அது கொஞ்சம் குறைவு. எவ்வளவு குறைவுங்கிறதை அடர்த்திதான் தீர்மானிக்குது. 800 நானோமீட்டர் லேசருக்கு 2×10¹⁹ல கிட்டத்தட்ட 0.6 சதவீதம் பின்தங்கும். 3×10¹⁷ல லட்சத்துல 9 பங்குதான். எலக்ட்ரான் என்ன செய்யும்? சில பத்து எம்இவி வாங்கின உடனே ஒளி வேகத்துக்கு ஒட்டி வந்துடும். அதாவது அலையை முந்த ஆரம்பிச்சிடும்.

இப்ப பேனா எடுங்க. 2×10¹⁹ல அலைநீளம் 7.5 மைக்ரான். அதுல பாதிதான் முன்னால தள்ளும், மத்த பாதி பின்னால இழுக்கும். பாதின்னா 3.7 மைக்ரான். 0.6 சதவீத வேக வித்தியாசத்துல எலக்ட்ரான் 3.7 மைக்ரான் முந்துறதுக்கு எவ்வளவு தூரம் போகணும்? 3.7ஐ 0.0057ஆல் வகுங்க: 650 மைக்ரான். முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை! அதுக்குள்ள வாங்கினதை அடுத்த முக்கால் மில்லிமீட்டர்ல அலைக்கே திருப்பிக் கொடுத்துடும். உங்க 86 ஜிஇவி அங்கதான் போச்சு. (2 மி.மீ. வாயு ஜெட்டுல எப்படி வேலை நடந்துச்சுன்னு கேப்பீங்க. முதல் பகுதி, பல்ஸ் தன்னைத்தானே குவிச்சுக் கூர்மையாக்கிக்கிறதுலயே போயிடும். எலக்ட்ரான் அலையில ஏறுறது அதுக்கு அப்புறம்.)

இதே கணக்கை 3×10¹⁷க்குப் போடுங்க. அலைநீளம் 61 மைக்ரான், பாதி 30.5. வகுக்க வேண்டியது 0.000086. விடை 35 செ.மீ. பாருங்க, புலம் எட்டு மடங்கு குறைஞ்சது, ஓடக் கிடைச்ச தூரம் ஐந்நூற்றுச் சொச்சம் மடங்கு கூடிடுச்சு. புலம் அடர்த்தியின் வர்க்கமூலம், தூரம் அடர்த்தியின் ஒன்றரை அடுக்குக்குத் தலைகீழ். ரெண்டையும் பெருக்கினா, எலக்ட்ரானோட ஆற்றல், வாயுவோட அடர்த்திக்கு நேர் தலைகீழா வரும். உங்க முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் அடர்த்தி 67 மடங்கு வித்தியாசம். 86 எம்இவியை 67ஆல் பெருக்குங்க. 5.7 ஜிஇவி. உண்மையில வந்தது 7.8. ஒரு வரிக் கணக்கு பதினஞ்சு வருஷ உழைப்புக்கு இவ்வளவு கிட்ட வர்றதை முதல்ல பார்த்த அன்னைக்கு நோட்டை மூட மனசு வரல.

2004க்குள்ளயே இதைப் பார்க்கலாம். அந்த வருஷம் செப்டம்பர் 30 நேச்சர் இதழ்ல மூணு குழு ஒண்ணா வெளியிட்டாங்க. பெர்க்லியும், இங்கிலாந்துல ரூதர்ஃபோர்டு ஆய்வகத்துல வேலை செஞ்ச குழுவும் 2×10¹⁹ல இருந்தாங்க, 86ம் 70ம் வந்துச்சு. பிரெஞ்சுக் குழு 6×10¹⁸க்கு இறங்கி 3 மி.மீ. ஜெட் வெச்சாங்க, 170 எம்இவி. இந்த வரியையும் அட்டவணையில சேருங்க, உங்க சார் கவனிப்பார்.

இப்ப திருச்சிக்காரர் சொன்ன 31 ஜூல். அலைநீளம் எட்டு மடங்கு நீண்டா, தேரும் அதுக்கு ஏத்த அகலமா இருக்கணும். குவியத்துல லேசரோட அகலம் கூடும், பல்ஸ் நீளமும் கூடலாம். ஆனா செறிவு குறையக்கூடாது. சதுர செ.மீ.க்கு 10¹⁸ வாட்டைத் தாண்டினாத்தான் அந்த அளவுக்கு எலக்ட்ரானைத் தள்ள முடியும். அத்தனை பெரிய இடத்துல அந்தச் செறிவை வைக்கத்தான் அவ்வளவு ஜூல் வேணும். 1985ல ஸ்ட்ரிக்லேண்டும் மூரூவும் ரோசெஸ்டர்ல பல்ஸை நீட்டி, பெருக்கி, திரும்பச் சுருக்குற வழியைக் கண்டுபிடிக்காம இருந்திருந்தா இந்தத் துறையே இல்லை. 1979லயே தஜிமாவும் டாசனும் இந்த யோசனையைத் தாளில் எழுதிட்டாங்க, செஞ்சு பார்க்க லேசர் இல்லாம இருந்துச்சு.

ஸ்லைடுல மறக்காம வைக்க வேண்டிய இன்னொண்ணு: வாயுவை மெலிதாக்கினா தூரம் தானா கிடைச்சுடாது. 60 மைக்ரானுக்குக் குவிச்ச ஒளி ஒன்றரை செ.மீ.க்குள்ள விரிஞ்சு போகும். 20 செ.மீ.க்கு அதைப் பிடிச்சு வெச்சுக்கணும். பெர்க்லியில நீலக்கல் கட்டையில மெல்லிய குழாய் குடைஞ்சு, உள்ள ஹைட்ரஜன் விட்டு, மின்சாரம் பாய்ச்சுவாங்க. நடுவுல சூடு, சுவர்ப் பக்கம் குளிர்ச்சி. அதனால நடுவுல வாயு மெலிஞ்சு, ஓரத்துல தடிச்சு, ஒளியிழை மாதிரி ஆகும். 2019ல அதுவும் போதாம, இன்னொரு நானோவிநாடி லேசரை முன்கூட்டி விட்டு நடுவை மேலும் சூடாக்கினாங்க. 2024ல அந்தக் குழாயையே விட்டுட்டு, 30 செ.மீ. நீள வாயு ஜெட்டுக்குள்ள லேசராலேயே கால்வாய் போட்டு 9.2 ஜிஇவி எடுத்தாங்க.

பாளை மாணவி எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. 650 மைக்ரானை நானே வகுத்துப் பார்த்துட்டேன், சரியா வந்துச்சு. தேர் ஸ்லைடுக்கு அடுத்தது கட்டுமரம்தான்.

இன்னும் ரெண்டு கேள்வி. ஒண்ணு, நீங்க துடுப்பு போடணும்னு சொன்னீங்க. எலக்ட்ரானுக்கு யார் துடுப்பு போடுறது? ரெண்டாவது, 2 மி.மீ.ல 86 எம்இவி கிடைக்குதுன்னா, ஆஸ்பத்திரியில ரேடியேஷன் கொடுக்கிற மெஷினை ஏன் இன்னும் இப்படி மாத்தல? என் பெரியம்மாவுக்கு அந்த மெஷின்லதான் சிகிச்சை நடந்துச்சு, ஒரு அறையையே அடைச்சுக்கிட்டு நின்னுச்சு.

மருத்துவ இயற்பியலர் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், தினமும் அந்தக் கருவியோடு இருப்பவன்.

அறையை அடைப்பது முடுக்கி அல்ல. 6 மெகாவோல்ட் கருவியில் எலக்ட்ரான் ஓடும் குழாய் ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். மற்றதெல்லாம் நோயாளியைச் சுற்றிச் சுழலும் சட்டம், கற்றைக்கு வடிவம் கொடுக்கும் இதழ்கள், படுக்கை, பிறகு ஆளைக் காக்கும் தடித்த கான்கிரீட் சுவர். முடுக்கியை விரல் நீளத்துக்குச் சுருக்கினாலும் அந்தச் சுவரை இடிக்க முடியாது.

ஒவ்வொரு நாள் காலையிலும் முதல் நோயாளி வருவதற்கு முன் நாங்கள் கதிர்வீச்சு அளவைச் சோதிக்கிறோம். 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் சிகிச்சையைத் தொடங்க மாட்டோம். உங்கள் பெரியம்மா அந்தப் படுக்கையில் பல வாரம் படுத்திருப்பார். ஒவ்வொரு நாளும் அதே அளவு, அதே இடம். விநாடிக்கு நூற்றுக்கணக்கான துடிப்புகள், ஒன்றுபோல் வர வேண்டும். லேசர்-பிளாஸ்மா கற்றை அந்த ஒழுங்குக்கு வந்துவிட்டதா என்பதுதான் என் கேள்வியும்.

ஆனால் ஆசை எங்களுக்கும் உண்டு. இப்போது எங்களிடம் உள்ள 20 எம்இவி வரையிலான எலக்ட்ரான் கற்றை உடம்புக்குள் சில சென்டிமீட்டர்தான் போகும். அதனால் தோலுக்கு அருகில் உள்ள கட்டிகளுக்கே அது பயன்படுகிறது. 150, 200 எம்இவி எலக்ட்ரான் ஆழத்தில் உள்ள கட்டியையும் எட்டும். அந்த ஆற்றல் சில மில்லிமீட்டரில் கிடைக்கிறது என்பதை எங்களில் பலரும் ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

குமரிக்கரை எழுதியது:

ஐயா சரியான இடத்தைத் தொட்டுட்டார். துடுப்புக் கேள்வியும் ஆஸ்பத்திரிக் கேள்வியும் எனக்கு ஒரே கேள்விதான்.

அடர்த்தியான வாயுல அலை கொஞ்சம் மெதுவா வரும். லேசர் போதுமான பலத்தோட இருந்தா, விலகி ஓடித் திரும்புற எலக்ட்ரான்கள்ல சிலது தானாவே அலையில தொத்திக்கும். யாரும் துடுப்பு போட வேண்டியதில்லை. ஆனா எப்ப, எங்க, எத்தனை தொத்தும்னு நம்ம கையில இருக்காது. மெலிசான வாயுல அலை இன்னும் வேகம், தானா தொத்துறது கஷ்டமாகிடும். அதனால நாமளே ஏத்தி விடணும். பல வழி இருக்கு. எனக்குப் பிடிச்சது நைட்ரஜன் வழி. ஹீலியத்துலயோ ஹைட்ரஜன்லயோ கொஞ்சமா நைட்ரஜன் கலப்போம். நைட்ரஜனோட முதல் அஞ்சு எலக்ட்ரானைப் பிடுங்க ஒவ்வொண்ணுக்கும் 100 எலக்ட்ரான்வோல்ட்டுக்குள்ள போதும், பல்ஸோட முன் விளிம்பே பிடுங்கிடும். உள்கூட்டுல இருக்கிற கடைசி ரெண்டுக்கும் 552ம் 667ம் வேணும். பல்ஸோட உச்சத்துலதான் அதுங்க கழலும். அதாவது, அலைக்குள்ளயே பிறக்கும். கரையில நிக்கிற மரத்தைத் தள்ளுறதுக்குப் பதிலா, அலையோட முதுகுலயே மரத்தை இறக்கி வைக்கிற மாதிரி. 9.2 ஜிஇவி சோதனையிலயும் நைட்ரஜனை ஒரு இடத்துல மட்டும் கலந்துதான் ஏத்தினாங்க.

நிலைத்தன்மைக்கு வர்றேன். எங்க கூடத்துல காலையில முதல் வேலை வெற்றிட அறையில இருக்கிற காத்தை உறிஞ்சி எடுக்கிறது. அப்புறம் லேசரைச் சூடேத்தி, குவியத்தைக் கேமராவுல பார்ப்போம். வாயு வால்வு லேசருக்குச் சில மில்லிவிநாடி முன்னால திறக்கும். எலக்ட்ரான் வந்தா காந்தத்துக்குள்ள வளைஞ்சு ஒரு பாஸ்பர் திரையில விழும், திரை பச்சையா ஒளிரும். குறைஞ்ச ஆற்றல் நிறைய வளையும், கூடின ஆற்றல் கொஞ்சமா வளையும். எங்க விழுதுங்கிறதை வெச்சு ஆற்றலைப் படிப்போம்.

ஏழு வாரம் எனக்குத் தெரிஞ்சது, திரை முழுக்க இழுவின ஒரு பச்சை மங்கல்தான். எல்லா ஆற்றலும் கலந்து கிடந்துச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்தேகாலுக்கு, வாயு வர்ற நாசிலை 200 மைக்ரான் முன்னால நகர்த்தின பிறகு, அரிசி மணி அளவுக்கு ஒரு பொட்டு விழுந்துச்சு. 120 எம்இவி பக்கம். பக்கத்துல நின்ன டெக்னீசியன் என் தோளைப் பிடிச்சுக்கிட்டார். அடுத்த ஷாட் 95. அதுக்கடுத்தது 140. நாலாவது ஷாட்ல ஒண்ணுமே இல்லை. எதையும் நாங்க தொடல!

காரணம் தேட ஒரு மாசம் ஆச்சு. ஏசி ஓடி நிக்கிறப்ப அறையோட சூடு அரை டிகிரி ஆடும். அதுக்கே கண்ணாடிகள் அசைஞ்சு குவியம் பல மைக்ரான் நகர்ந்துட்டு இருந்துச்சு. அலையே அகலத்துல சில பத்து மைக்ரான்தான். ஏசி காத்து நேரா மேசையில படாம மறைப்பு கட்டின பிறகு ஆட்டம் பாதியா குறைஞ்சுது. அந்த மறைப்பை நான் என் கையால கட்டினேன், இன்னைக்கும் அங்க இருக்குன்னு கேள்விப்பட்டேன்.

இதை வெச்சு இந்த வழி தேறாதுன்னு நினைச்சுடாதீங்க. ஹாம்பர்க்ல 2020ல வெளியிட்ட வேலையைப் படிங்க. விநாடிக்கு ஒண்ணு வீதம் ஒரு லட்சம் கற்றை தொடர்ச்சியா எடுத்தாங்க, கணக்குப் போட்டா 28 மணி நேரம். எலக்ட்ரான் ஆற்றல் ஏன் ஆடுதுன்னு பார்த்தா, பெரும்பங்கும் லேசரோட ஆட்டத்துல இருந்து வந்துச்சு. பிளாஸ்மா தன் பாட்டுக்குக் கூத்தடிக்கலன்னு தெரிஞ்சதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. லேசரை அடக்கினா கற்றை அடங்கும். 2021ல ஷாங்காய்ல 490 எம்இவி கற்றையை வெச்சு 27 நானோமீட்டர்ல கட்டற்ற எலக்ட்ரான் லேசரையே (எலக்ட்ரான் கற்றையை வெச்சே ஒளி உண்டாக்குற லேசரை) எரிய வெச்சுட்டாங்க. கற்றை ஒழுங்கா இல்லைன்னா அது நடக்கவே நடக்காது.

ஐயாவோட ஆஸ்பத்திரிக்கு இன்னும் ரெண்டு தடை. இந்த டைட்டானியம்-நீலக்கல் லேசர்கள் சுவர்ல இருந்து எடுக்கிற மின்சாரத்துல ஒரு சதவீதம்கூட ஒளியா மாறுறதில்லை. பெர்க்லியோட பெட்டாவாட் லேசர் விநாடிக்கு ஒரே பல்ஸ்தான் விடும். 150 எம்இவிக்கு அவ்வளவு பெரிய லேசர் தேவையில்லை, அதனால அங்க வீதத்தைக் கூட்டுறது சுலபம். அந்த வேலையைத்தான் இப்ப பல கூடங்கள்ல செய்றாங்க. நான் இப்ப அந்தத் துறையில இல்லை. ஆனா யாராவது கேட்டா இன்னைக்கும் அந்தப் பக்கம்தான் போகச் சொல்வேன்.

பாளை மாணவி எழுதியது:

அண்ணா, அரிசி மணிப் பொட்டைப் படிச்சதும் எனக்கே படபடப்பா இருந்துச்சு. மருத்துவ இயற்பியலர் சாருக்கும் நன்றி, பெரியம்மா இப்ப நல்லா இருக்காங்க.

நீங்க சொன்ன தலைகீழ் விதியை எல்லா வரிக்கும் போட்டுப் பார்த்தேன். 2004ஐ அடிப்படையா வெச்சா 2006க்கு 0.43 வருது, உண்மையில 1. 2014க்கு 2.5, உண்மையில 4.2. 2019க்கு 5.7, உண்மையில 7.8. எல்லாத்துலயும் கணக்கைவிட உண்மைதான் கூட. எங்க தப்பு பண்றேன்?

குமரிக்கரை எழுதியது:

தப்பு இல்லை. 2004 ஜெட்டுல பல்ஸ் கூர்மையாகவே முதல் பகுதி போச்சுன்னு சொன்னேனே, அதனால அந்த வரி கொஞ்சம் தாழ்வாவே ஆரம்பிக்குது. இப்ப 2006ஐ அடிப்படையா வெச்சுப் போடுங்க. 2014க்கு 5.7 வரும், 2019க்கு 13. இந்தத் தடவை கணக்கு கூட, உண்மை குறைவு. 2019ல 35 செ.மீ. ஓட இடம் இருந்தும் குழாய் 20 செ.மீ.தானே. லேசரோட பலமும் நாலு வரியிலயும் ஒண்ணு இல்லை.

ரெண்டு கோட்டையும் ஒரே லாக்-லாக் தாள்ல வரைங்க. 2014, 2019 ரெண்டு புள்ளியும் நடுவுல விழும். அந்தத் தாளை அப்படியே ஸ்லைடா வைங்க. வியாழக்கிழமை எப்படிப் போச்சுன்னு இங்க வந்து சொல்லுங்க.